வலையைக் காத்த மரப்பட்டை

நைலோன் வருமுன் மீன்வலைகள் பெரும்பாலும் பருத்தி போன்ற இயற்கை நூல்களால் ஆனவை. நனைந்த பருத்தி பற்றீரியாக்களுக்கு நல்ல தீனி. கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் வலை இற்றுப்போகும். இலங்கையின் களப்புக் கரைகளில் மீனவர்கள் இதற்கொரு வழி கண்டிருந்தார்கள். கண்டல் மரப்பட்டையை அவித்து, அந்தச் செம்பழுப்புச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவைத்தார்கள்.

அந்தச் சாற்றின் வலிமை மரம் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது. கல்முனைப் பக்கம்வரை நீளும் மட்டக்களப்பு வாவியின் ஓரச் சேற்றைப் பாருங்கள். உப்பு, வெயில், கோடானுகோடி நுண்ணுயிர்கள். ஓடித் தப்ப முடியாத மரம் தன் பட்டைக்குள் ‘தனின்’ என்ற துவர்ப்புப் பொருளைச் சேர்த்துவைக்கிறது. காய்ந்த கண்டல் பட்டையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் அது இருக்கலாம்.

தனின் ஒரு பெரிய மூலக்கூறு. அதன் வளையங்களைச் சுற்றி ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சிறு கைகள் நிறைய உண்டு. அவை புரதத்தைக் கண்டால் இறுகப் பற்றும். சாயம் கூடிய பிளேன்டீ குடித்ததும் நாக்கு வறள்வது, எச்சில் புரதங்களைத் தேயிலையின் தனின் பிடித்துக்கொள்வதால்தான். பருத்தியைக் கரைக்கப் பற்றீரியா வெளியே சுரக்கும் நொதியங்களும் புரதங்களே. தனின் அவற்றை முடக்கிவிட, தீனி முன்னால் இருந்தும் பற்றீரியா பட்டினி கிடக்கும். வளர்ச்சிக்கு வேண்டிய இரும்பையும் தனின் பூட்டிவைக்கிறது.

அதே கைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடும் வெயிலில் உயிரணுக்களுக்குள் ‘சுயாதீன மூலிகங்கள்’ உருவாகின்றன. இவை சோடியில்லாத இலத்திரனோடு அலைந்து அருகிலிருப்பதைச் சிதைப்பவை. தனின் ஓர் ஐதரசனைக் கொடுத்து அவற்றை அடக்குகிறது. கொடுத்தபின் அதுவே மூலிகமாகிவிடாதா? ஆகும். ஆனால் எஞ்சிய இலத்திரன் வளையம் முழுதும் பரவிவிடுவதால் மூர்க்கம் தணிந்துபோகிறது. இதுவே ஒட்சியேற்ற எதிர்ப்பு.

ஆய்வுகூடத்தில் இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். ஊதா நிற மூலிகக் கரைசலில் பட்டைச் சாற்றை விட்டால் மஞ்சளாக மாறும். பற்றீரியா பூசிய ஏகார் தட்டில் சாறு ஊறிய தாள்வட்டை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றி எதுவும் வளராத தெளிவான வளையம் தெரியும். அதை மில்லிமீற்றரில் அளப்பார்கள்.

ஆனால் தட்டில் வென்றது, மருந்தாக உடலிலும் வெல்லும் என்றில்லை. பெரிய தனின்கள் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. இன்னொரு சிக்கல், பட்டையைச் சுற்றிவர உரித்தால் மரமே பட்டுவிடும். வேதியியலாளர் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய நைலோன், வலைக்காகப் பட்டை உரிக்கும் தேவையைப் போக்கியது. இன்று கண்டலை நிற்கவிட்டு, ஒரு பிடிப் பட்டையிலிருந்தே அதன் வித்தையைக் கற்றுக்கொள்ள நம்மால் முடியும்.