ஆங்கில உறழ்நிலைப் பெயரடையும் தமிழ் ஐந்தாம் வேற்றுமையும்

இரு பொருள்களை ஒருங்கு நிறுத்தி, ஒரு பண்பு ஒன்றனிடத்து மிக்கும் மற்றொன்றனிடத்துக் குறைந்தும் இருத்தலைக் கூறுதல் மொழிகட்கெல்லாம் பொதுவான செயலாகும். ஆயினும், அம்மிகுதியைச் சொற்றொடரின் எவ்வுறுப்பில் வைத்துக் காட்டுவது என்பதில் மொழிகள் தம்முள் வேறுபடும். இன்றைய ஆங்கிலம் பண்புணர்த்தும் சொல்லின்மேல் விகுதியேற்றிக் காட்டும். தமிழ், ஒப்பிடுதற்கு அளவாக நிற்கும் பெயரின்மேல் உருபேற்றிக் காட்டும். இவ்வேறுபாட்டை உணராமையால் இலக்கண ஆராய்ச்சியிலும் மொழிபெயர்ப்பிலும் பிழைகள் நேர்கின்றன. அவற்றைக் களைதற்கு ஆங்கில உறழ்நிலையின் அமைப்பையும் வரலாற்றையும் அறிதல் இன்றியமையாதது.

1. உறழ்நிலையின் அமைப்பு

ஆங்கிலப் பெயரடை மூன்று நிலைகளில் வரும். பண்பை மட்டும் சுட்டுவது இயல்புநிலை; இரண்டனுள் ஒன்றன் மிகுதியைச் சுட்டுவது உறழ்நிலை; பலவற்றுள் ஒன்றன் தலைமையைச் சுட்டுவது உயர்நிலை. ஓரசைச் சொற்கள் ‘அர்’ என ஒலிக்கும் விகுதி பெற்று உறழ்நிலையாகும். ‘ஸ்மால்’ என்பது ‘ஸ்மாலர்’ ஆதல் காண்க. ஈரசைச் சொற்களுள் ‘ஹேப்பி’, ‘நேரோ’, ‘சிம்பிள்’ போல்வனவும் அவ்விகுதியை ஏற்கும். ‘பியூட்டிஃபுல்’ முதலிய நெடுஞ்சொற்கள் விகுதி ஏலாது, ‘மோர்’ என்னும் தனிச்சொல்லை முன்னர்ப் பெறும். ‘பொலைட்’, ‘காமன்’ என்பன இருவகையானும் வரும். ஒருவனுடைய இரு பண்புகளையே தம்முள் உறழுங்கால், ஓரசைச் சொல்லும் ‘மோர்’ என்பதனையே வேண்டி நிற்கும். அறிவினும் துணிவே அவன்பால் மிகுதி என்னும் கருத்திற்கு ‘மோர் பிரேவ்’ என்பர், ‘பிரேவர்’ என்னார்.

இவ்விதிகட்கு அடங்காதனவும் உள. ‘குட்’ என்பதன் உறழ்நிலை ‘பெட்டர்’. ‘பேட்’ என்பதன் உறழ்நிலை ‘வொர்ஸ்’. இவை வேறு வேறு வேர்களிலிருந்து தோன்றி ஒரு வரிசையில் அமைந்தவை. ‘நியர்’ என்னும் சொல்லின் வரலாறு இவற்றினும் சுவையுடையது. அண்மைப் பொருளதாகிய ‘நை’ என்னும் பழஞ்சொல்லின் உறழ்நிலையே அது. ‘நெக்ஸ்ட்’ என்பது அதன் உயர்நிலை. நாளடைவில் ‘நியர்’ இயல்புநிலையாகவே கருதப்பட்டமையால், மீண்டும் விகுதி ஏற்று ‘நியரர்’ ஆயிற்று. விகுதிமேல் விகுதி அடுக்கிய ‘லெஸ்ஸர்’ என்னும் சொல்லைச் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில் சிதைவெனக் கடிந்தார். விகுதியும் ‘மோர்’ என்பதும் ஒரு சொற்கண் ஒருங்கு வருதல் ஷேக்ஸ்பியர் நாடகங்களிற் பயின்றுள்ளது. 1762இல் இலக்கணம் இயற்றிய இராபர்ட்டு லௌத்து அத்தகைய இரட்டை வடிவங்கள் தகா என விலக்கினார். வழக்கு முந்தியது, விலக்கு பிந்தியது என்பது இதனாற் பெறப்படும்.

2. பழைய ஆங்கிலம் காட்டும் சான்று

கி. பி. 1100க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயரடை ‘ரா’ என்னும் விகுதி பெற்று உறழ்நிலையாயிற்று. சில சொற்களில் வேரின் உயிரும் திரிந்தது. ‘ஓல்டு’ என்பதன் பழைய உறழ்நிலையாகிய ‘எல்டர்’ இன்றும் உடன்பிறந்தாருள் மூத்தாரைக் குறித்து வழங்குதல் அத்திரிபின் எச்சமாகும். நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி வேறொன்று. பழைய ஆங்கிலம் அளவாக நிற்கும் பெயரை இருவகையாற் காட்டிற்று. ‘தேன்’ என இன்று ஒலிக்கும் இடைச்சொல்லின் முன்வடிவைப் பெய்து கூறுவது ஒன்று. அப்பெயரையே கொடைப்பொருள் வேற்றுமையில் நிறுத்துவது மற்றொன்று. வேற்றுமை விகுதிகள் தேய்ந்தொழிந்தபின் இரண்டாம் முறை மறைந்தது, இடைச்சொல்லே எஞ்சியது. அவ்விடைச்சொல்லும் ‘அப்பொழுது’ எனப் பொருள்படும் ‘தென்’ என்பதும் ஒரு மூலத்தனவே.

வேற்றுமையின் சுவடு மற்றோரிடத்தும் உளது. ‘தி சூனர் தி பெட்டர்’ என்னும் தொடரை ‘எத்துணை விரைவோ அத்துணை நன்று’ எனத் தமிழிற் கூறலாம். இதன்கண் வரும் ‘தி’ என்பது, பெயர்முன் வரும் சுட்டுப்போலத் தோன்றினும், பழைய ஆங்கிலத்தின் கருவி வேற்றுமைச் சுட்டிலிருந்து வந்ததாகும்.

எனவே, உறழ்தலை வேற்றுமையாற் காட்டுதல் ஆங்கிலத்திற்குப் புறம்பானதன்று, அம்மொழி இழந்ததொன்றேயாம். வடமொழியும் இலத்தீனும் பண்புச்சொல்லில் விகுதியும் அளவுப்பெயரில் வேற்றுமையும் ஆகிய இரண்டனையும் உடையன.

3. தமிழ் நெறி

தமிழ்ப் பண்புச்சொல் உறழ்நிலை விகுதி ஏலாது. திராவிட மொழிகளின் இவ்வியல்பைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்தார். இதனை ஒரு குறையெனக் கொள்வாரும் உளர், அது பொருந்தாது. நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் பொருள்களை வகுத்தார். தொல்காப்பிய உரையாசிரியர்கள் அவ்வேற்றுமைக்குரிய பொருவினை உறழ்பொரு, உவமப்பொரு என இரண்டாக்கினர். ‘கரும்பின் இனிது இச்சொல்’ எனின், கரும்பு போல இனிது என்றும், கரும்பைக் கடந்து இனிது என்றும் இருபொருள் படும். இவ்வையத்தை நீக்குதற்கு உம்மை துணையாகும். ‘கரும்பினும் இனிது’ என்றவழி உறழ்பொருளே நிற்றல் காண்க. பிற்கால வழக்கில் ‘விட’, ‘காட்டிலும்’, ‘பார்க்கிலும்’ என்பன இவ்விடத்தைப் பெற்றன. இவை வினையடியாகப் பிறந்தன ஆதலின் இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயரை வேண்டி நிற்கும்.

4. மொழிபெயர்ப்பிற்கு ஒரு நெறி

மேற்கூறியவற்றை உணராதார் ‘பெட்டர்’ என்பதனை ‘அதிக நல்ல’ என்றும், ‘மேலும் சிறந்த’ என்றும் பெயர்க்கின்றனர். ‘அதிக நல்ல’ என்பது தமிழ் மரபன்று. ‘மேலும் சிறந்த’ என்பதோ முன்னரே சிறந்ததாயிருந்தது எனப் பிறிதொரு பொருளையும் தரும். ‘பொய்த்து வாழ்தலின் வறுமை நன்று’ என்னுமிடத்து ‘நன்று’ என்னும் இயல்புச்சொல்லே உறழ்பொருளை முற்றும் தாங்குகின்றது. உருபு அதற்குப் போதிய துணையாகின்றது.

அளவுப்பெயர் தோன்றாதவழி வேறு நெறி வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஹையர் எஜுகேஷன்’, ‘யங்கர் ஜெனரேஷன்’ என்னும் தொடர்கள் உறழ்நிலை வடிவினவேனும், எதனினும் என்னும் வினா அவற்றின்கண் எழுவதில்லை. அவை வகையைச் சுட்டுவன. தமிழர் அவற்றை ‘உயர்கல்வி’, ‘இளைய தலைமுறை’ என வழங்கியமை மொழியியல்பறிந்த செயலாகும்.

ஆகவே, மொழிபெயர்ப்போர் ஆங்கில உறழ்நிலையைக் கண்டவழி, அதற்கு ஈடானதொரு பெயரடையைத் தமிழில் தேடற்க. அளவாக நிற்கும் பெயர் யாதென முதற்கண் ஆராய்க. அது உளதாயின் அதன்மேல் உருபேற்றுக. இலதாயின் இயல்புச்சொல்லே அமையும். விகுதி இன்மை வறுமையன்று. அவ்விகுதியின் பணியைத் தமிழில் வேற்றுமை ஆற்றுகின்றது.