மலாக்காவின் சிவப்புக் கட்டடங்களைத் தாண்டி: 1781இல் கிடைத்த ஒரு துண்டு நிலம்

கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றுக்குப் போகாத குடும்பம் நம் வட்டாரத்தில் அநேகமாக இருக்காது. சுங்கை சோவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். லோத்தோங் குரங்குகளுக்குத் தீனி போடுவோம், பீரங்கியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுப்போம், இறங்கி வந்து மீன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம். அங்கே நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கத்தின் பெயரைக் கவனித்தவர்கள் குறைவு. அதன் பெயர் அல்திங்ஸ்பர்க். அது மலாய்ப் பெயருமல்ல, ஆங்கிலப் பெயருமல்ல. டச்சுப் பெயர்.

1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றிலிருந்த கோட்டையைப் பிடித்தார்கள். அப்போது பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்தவர் வில்லெம் ஆர்னோல்ட் அல்திங். கோட்டைக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பிடி ஓராண்டுகூட உருப்படியாக நிலைக்கவில்லை. 1785இல் சுல்தான் இப்ராஹிம் பகாங் படையின் துணையோடு கோட்டையை மீட்டார். இருந்தும் 1907இல் ஆங்கிலேயர் கலங்கரை விளக்கம் கட்டியபோது அந்தப் பழைய பெயரே அதற்கு வந்து ஒட்டிக்கொண்டது.

டச்சுக்காரர்கள் இங்கு வரக் காரணம் மலாக்கா. மலாக்காவை முற்றுகையிட்ட ராஜா ஹாஜிக்கு சிலாங்கூர் சுல்தான் துணை நின்றார். 1784 ஜூனில் தெலுக் கெத்தாப்பாங்கில் ராஜா ஹாஜி கொல்லப்பட்டதும் டச்சுக் கப்பல்கள் நேராக சிலாங்கூர் பக்கம் திரும்பின. ஆகவே டச்சு நகரம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர் ஐரோப்பாவுக்கு டிக்கெட் போட வேண்டியதில்லை. சுங்கை சோவில் விடியற்காலை வேன் ஏறினால், நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாத நாளில், காலைப் பசியாறலுக்கு மலாக்கா போய்ச் சேர்ந்துவிடலாம்.

கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் தாமானிலிருந்து ஒரு வேன் அப்படித்தான் போனது. சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் எல்லாரும் படம் எடுத்து முடித்த பிறகு, எங்களோடு வந்த அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த டச்சுக்காரங்க காலத்துல நம்ம ஆளுங்க யாராச்சும் இங்க இருந்தாங்களா?"

இருந்தார்கள். ஆனால் அதைப் பார்க்க ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். அதற்கு முன் சதுக்கத்தைக் கொஞ்சம் சரியாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அங்கே நாம் டச்சு என்று நினைப்பதில் பாதி டச்சு அல்ல.

டச்சுக்காரர்கள் ஜொகூரின் உதவியோடு 1641 ஜனவரியில் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினார்கள். 1650 வாக்கில் கட்டப்பட்டது ஸ்டாதாய்ஸ். ஆளுநரின் இல்லமும் அலுவலகமும் அதுதான். தென்கிழக்காசியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய டச்சுக் கட்டடம் என்று அதைச் சொல்கிறார்கள். இப்போது அது அருங்காட்சியகம். அதன் சிவப்பு நிறம் டச்சுக்காரர்கள் பூசியதல்ல. அவர்கள் காலத்தில் அது வெள்ளை. பக்கத்துத் தேவாலயத்தோடு ஒத்துப்போகட்டும் என்று ஆங்கிலேயர் ஆட்சியில், 1911இல், சிவப்புச் சாயம் ஏறியது. எதிரிலுள்ள மணிக்கூண்டு 1886இல் டான் பெங் சுவீ என்ற சீனச் செல்வந்தரின் பெயரில் எழும்பியது. நீரூற்று விக்டோரியா மகாராணிக்காக. கொஞ்சம் தள்ளியிருக்கும் 'டச்சு இடுகாட்டில்' டச்சுக் கல்லறைகள் ஐந்துதான், மற்ற 33 ஆங்கிலேயருடையவை.

கிறைஸ்ட் சர்ச் மட்டும் அசல். மலாக்காவைப் பிடித்த நூறாவது ஆண்டின் நினைவாகத் தொடங்கி 1753இல் முடித்தார்கள். உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். கூரையின் உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒரே மரத்திலிருந்து ஒட்டுப் போடாமல் அறுத்தவை. தரையில் பதித்த கல்லறைக் கற்களில் டச்சு, போர்த்துகீசிய எழுத்துகளோடு ஆர்மீனிய எழுத்தும் உண்டு. ஆ ஃபாமோசா என்று நாம் படமெடுக்கும் சந்தியாகோ வாயிலும் போர்த்துகீசியர் கட்டியதே. ஆனால் அதன் நெற்றியில் இருப்பது டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும்.

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம்.

பாலத்தைக் கடந்தால் ஜோங்கர் தெரு. அதற்கு இணையாகப் போகும் ஜாலான் துக்காங் எமாசில், அதாவது பொற்கொல்லர் தெருவில், சில நிமிடம் நடந்தால் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் வரும். 1781இல் எழுந்தது. வழிபாடு நடக்கும் இந்துக் கோயில்களில் இந்த நாட்டிலேயே மிகப் பழையது இதுதான். அன்றைய மலாக்கா செட்டி சமூகத்தின் தலைவர் தவிநாயகர் செட்டி இதைக் கட்டினார். நிலத்தைக் கொடுத்தது டச்சு நிர்வாகம்.

மலாக்கா செட்டிகளை நகரத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகரத்தார் வட்டித் தொழிலுக்காக ஆங்கிலேயர் காலத்தில் வந்தவர்கள். மலாக்கா செட்டிகளின் முன்னோர் சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிவந்த வணிகர்கள். இங்குள்ள பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். போர்த்துகீசியர் 1511இல் நகரைப் பிடித்தபோது இந்துச் சமூகத்துக்கு நீனா சத்து என்ற தமிழ் வணிகரைப் பெண்டஹாரா ஆக்கினார்கள். பின்னர் பதவி பறிபோனதும் அவர் தீயில் இறங்கி உயிரை விட்டார்.

டச்சுக்காரர்கள் ஏன் கோயிலுக்கு நிலம் தந்தார்கள்? பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. பக்கத்திலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோயில், அது இன்னும் பழையது. கம்பெனியின் தலைநகரம் பத்தாவியா. மலாக்கா இரண்டாம்பட்சம். இருக்கிற வணிகர்களும் கிளம்பிப் போய்விட்டால் துறைமுகத்துக்கு வருமானம் ஏது? மறுபக்கம், நல்ல வாணிபத்தையெல்லாம் கம்பெனி தன் கையில் வைத்துக்கொண்டது. செட்டிகள் மெல்ல மெல்லக் கடலை விட்டு ஊருக்கு வெளியே காஜா பெராங் பக்கம் போய் நெல் விவசாயத்தில் இறங்கினார்கள்.

இன்னொரு கணக்கையும் மறைக்கக் கூடாது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தன. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் வந்தபோது, பசியில் விற்கப்பட்ட தமிழர்களை ஆயிரக்கணக்கில் கம்பெனிக் கப்பல்கள் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அடிமைகளாக ஏற்றிச் சென்றன. வணிகர் பெயர் வரலாற்றில் நின்றது. இவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தச் சுவரிலும் இல்லை.

பெயர் இல்லாவிட்டாலும் சொல் இருக்கிறது. நாம் பேசும் 'துட்டு' டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. மலாயில் 'டூயிட்' என்பதும் அதே சொல்தான். தோட்ட வீடுகளில் இன்றும் புழங்கும் 'கக்கூசு' டச்சு. மலாயின் 'காக்கூஸ்' அதன் உடன்பிறப்பு. கொல்லையில் காய்க்கும் துரியான் பெலாண்டா, அதான் முள் சீத்தா, 'ஒல்லாந்தர் துரியான்' என்றுதான் பொருள்படும்.

கோயில் வாசலில் நின்றபோது எனக்கு ஓடியது வேறு எண்ணம். இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896இல் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் போடப்பட்டது. அப்போதே இந்தக் கோயிலுக்கு வயது 115. நம் தோட்டங்களில் தாத்தாமார் கட்டிய மாரியம்மன், முனீஸ்வரர் கோயில்கள் எத்தனை இடம் மாறின என்று எண்ணிப் பாருங்கள். அன்றைய துரையோ மானேஜரோ "கட்டிக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்ன சொல்தான் பல கோயில்களுக்கு இருந்த ஒரே பத்திரம். தோட்டம் கைமாறித் தாமானாக ஆனபோது அந்தச் சொல்லைக் காட்ட ஆளில்லை. பொய்யாத விநாயகர் கோயிலுக்கோ நிலம் கொடுத்தது யார், வாங்கியது யார், எந்த ஆண்டு என்று இன்றும் சொல்ல முடிகிறது. கோயில் செட்டி சமூகத்தின் உடைமை, நிர்வாகத்தை நகரத்தார் கவனிக்கிறார்கள். மாசி மகத்தில் முருகனின் வெள்ளி ரதம் இங்கிருந்து செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் புறப்படுவதைப் பார்க்க வெளியூரிலிருந்தும் கூட்டம் வரும்.

நேரமிருந்தால் காஜா பெராங்கிலுள்ள செட்டி கிராமத்துக்கும் போங்கள். நகர மையத்திலிருந்து காரில் சில நிமிடங்கள்தான். சிறிய அருங்காட்சியகம் ஒன்றும், 1822ஆம் ஆண்டு ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. பிள்ளை, நாயக்கர், முதலியார், பத்தர் என்று பெயர்கள் கேட்கும், பேச்சோ மலாய். பெண்கள் கெபாயா உடுத்துவார்கள். வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும். பொங்கலுக்கு முதல் நாள் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதை 'பார்ச்சு' என்கிறார்கள். பழக் காலத்தில் பழங்களை வைத்து இன்னொரு பார்ச்சு. அம்மன் திருவிழாவுக்குப் பெயர் 'டத்தோ சாச்சார்'. சாச்சார் என்றால் நம் அம்மை நோய்தான். தமிழ் தெரியவில்லை என்பதற்காக இவர்களைத் தமிழர் கணக்கில் சேர்க்காமல் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். மொழி போய் பல தலைமுறை ஆன பின்னும் பொங்கல் படையல் நிற்கவில்லை. நம் வீடுகளில் எது முதலில் நிற்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கிராமத்தை ஒட்டி உயர்மாடித் திட்டம் வந்தபோது, 2014இல், இவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். யுனெஸ்கோ 2008இல் மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகும் அந்தப் போராட்டம் தேவைப்பட்டது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு காலை கிறைஸ்ட் சர்ச்சில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க முடியாது. உச்சி வேளையில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையில் முதலில் விநாயகரைப் பார்த்துவிட்டுப் பிறகு சதுக்கத்துக்கு நடப்பது நல்லது. வெயிலுக்கும் அதுதான் தோது. ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை. அன்று வேன் நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கிராமத்தில் வீட்டு வாசலில் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், அது குடியிருக்கிற வீடு.

எங்களோடு வந்த அக்கா கோயிலில் தேங்காய் உடைத்தார். திரும்பும் வழியில் வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அவர் மட்டும் எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலைக் கட்டியது எந்த ஆண்டு என்று ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். ரவாங் டோல் வரும்வரை மூன்று பேர் மூன்று ஆண்டுகளைச் சொல்லியிருந்தார்கள்.