தாங்கும் உடல்: ஒரு சொல்லாடல் பற்றி

மாடு குத்தினாலும் மனிதன் குத்தினாலும் எங்கள் பக்கத்தில் சொல் ஒன்றுதான். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மறுநாள் காரைக்குடி டீக்கடையில் கேட்கிற 'என்னா குத்து!', 'என்னமா தாங்குறான்யா!' ஆகிய இரண்டு வியப்புகள்தாம், ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்களை ஒப்பிடும் பேச்சிலும் அளவுகோல்களாகின்றன. குத்தின் வலுவையும் தாங்குசக்தியையும் ஒரே தராசின் இரு தட்டுகளாக வைத்து வரிசைப்பட்டியல் போடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

வலுவுக்காவது ஏதோ ஒரு கணக்கு உண்டு, சாய்த்தவர்களை எண்ணலாம். அந்தக் கணக்கும் சமயத்தில் கவிழ்ந்துவிடும். 1973 ஜனவரியில் ஜார்ஜ் ஃபோர்மேன், ஜோ ஃபிரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் போட்டார். 1974 மார்ச்சில் கென் நார்ட்டனுக்கும் இரண்டே ரவுண்டு. இந்த இருவரும் முகமது அலியைத் தோற்கடித்தவர்கள். நார்ட்டன் அவர் தாடையையே உடைத்தவர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஃபோர்மேன் முன்னால் அலி நின்றிருக்கவே கூடாது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில், கயிற்றில் சாய்ந்து ஃபோர்மேனைக் களைக்கவிட்டு, எட்டாவது ரவுண்டில் அலி அவரைச் சாய்த்தார். வலு என்பது புஜத்துக்குள் இருக்கிற சரக்கல்ல. ஊன்றிய கால், இடுப்புத் திருப்பம், இடைவெளி, எதிராளி அதைப் பார்த்துவிட்டானா இல்லையா என்பவற்றுக்கு இடையே உண்டாகிற ஓர் உறவு அது. பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கும்: கழுத்து இறுகுவதற்குள் தலை சுழன்று, மூளை மண்டைக்குள் குலுங்கிவிடும்.

தாங்குசக்தியின் கதை வேறு. அதை நிரூபிக்க அடி வாங்குவது தவிர வழியில்லை. கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 போட்டிகளில் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பெரிய விஷயம்தான். ஆனால் ஃபிரேசியரும் ஃபோர்மேனும் அவரை அடித்தபோது ரெஃபரி குறுக்கே புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. விழுந்திருந்தால் எண்ணி முடிக்கிற நேரமாவது அடி நின்றிருக்கும்.

1967க்கு முன்னால் அலியின் தாங்குசக்தி பேச்சுக்கு வந்ததில்லை; அவர்மேல் அவ்வளவாக அடியே விழவில்லை. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிபோனது, மூன்றரை ஆண்டுகள் ரிங் ஏற முடியவில்லை. 1970இல் திரும்பியபோது கால்களில் பழைய வேகம் இல்லை. தப்பிக்க முடியாத உடல் வாங்கப் பழகியது. அரசு தந்த தண்டனையின் விளைவையே பிறகு அவருடைய இயற்கைக் குணமாக ரசிகர்கள் வாசித்தார்கள். 1977 செப்டம்பரில் கடுமையான குத்துக்குப் பேர்போன எர்னி ஷேவர்ஸுக்கு எதிராகப் பதினைந்து ரவுண்டும் நின்று அலி வென்றதை இன்றும் சான்றாகக் காட்டுகிறார்கள். அதே போட்டிக்குப் பின் அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ வேறொரு சான்றைப் பார்த்தார்: சிறுநீரகம் பழுதாகி வருவதைக் காட்டும் பரிசோதனை முடிவு. அலிக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அதை அனுப்பினார், பதில் இல்லை, விலகிக்கொண்டார். 1980இல் லாரி ஹோம்ஸிடம் இன்னும் பத்து ரவுண்டு அடி. 1984இல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது.

எந்த உடலைப் பார்த்து நாம் 'தாங்கும்' என்கிறோம்? கறுப்பு உடலுக்கு வலி குறைவு என்ற கதை அடிமை முறைக்குத் தேவைப்பட்ட கதை. நமக்கும் அப்படி ஒன்று உண்டு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் பெயரில் வடசென்னையில் ரிங் ஏறியவர்களில் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைய. பகலில் மூட்டை சுமக்கிற தோள் இரவில் குத்தையும் சுமக்கும் என்பது பார்வையாளனின் எதிர்பார்ப்பு. அந்தச் சண்டைகளுக்கு 'ரோஷமான' என்றொரு அடைமொழி வேறு. பின்வாங்காதே, வாங்கிக்கொள் என்ற கட்டளை அதற்குள்ளேயே இருக்கிறது. தலையைச் சாய்ப்பது, அரை அடி விலகுவது என்று குத்தே படாமல் தப்பிக்கிற கலைக்குக் கைதட்டல் குறைவு, 'ஓடுறான்டா' என்பார்கள். கையைத் தாழ்த்தி வைத்து, தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்பித்த இளம் அலியையும் முறை தெரியாதவர் என்றுதான் அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள்.