பிக்அப் வண்டிக்குப் பட்டை கூட்டுதல்: குடியானவர் கவனிக்கவேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில், மாட்டு வண்டி நின்ற இடத்தில் இப்பொழுது பிக்அப் வண்டி நிற்பதை யாவரும் அறிவர். கீரை, கத்தரி, மல்லிகை முதலியவற்றை இரவோடிரவாகக் கோயம்பேடு சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும், திரும்பி வருகையில் உரமும் தீவனமும் ஏற்றி வருவதும் அவ்வண்டியே. 1996-ம் ஆண்டில் கோயம்பேட்டில் சந்தை அமைந்தது. 2005-ல் டாடா ஏஸும், 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த்தும் விற்பனைக்கு வந்தபின், நடுத்தர நிலமுடையாரும் சொந்தச் சரக்கு வண்டி வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது.

வண்டி வாங்கிய சில மாதங்களில் அதைப் பட்டறைக்குக் கொண்டு போய்ப் பின்புறக் கமான் பட்டையில் ஒன்றிரண்டு கூடுதல் பட்டைகள் சேர்ப்பது பலருடைய வழக்கமாயிருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டு நடையில் போகவேண்டிய சரக்கு ஒரே நடையில் போனால் டீசலும் ஆள் கூலியும் மிச்சமாகும். 1964-ல் நிறுவப்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சார்ந்து கடைசல், வெல்டிங் முதலிய தொழில்கள் இவ்வட்டாரத்தில் வளர்ந்திருப்பதால், வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. வேலை சுத்தமாகவே முடிகிறது. ஆனால் கணக்குத்தான் தவறிவிடுகிறது. அக்கணக்கை இங்கு விளக்குவோம்.

பட்டை கூட்டினால் நேர்வது என்ன?

கமான் பட்டை என்பது அடுக்கி இறுக்கிய எஃகு விற்களேயாம். ஒரே அளவுள்ள ஐந்து பட்டைகளுடன் ஆறாவது ஒன்று சேர்ந்தால், அடுக்கின் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். சேர்க்கும் பட்டை கனமாயிருந்தாலோ கணக்கு வேறு. பட்டையின் கனம் இரு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். 8 மில்லிமீட்டர் பட்டைகளின் நடுவே 10 மில்லிமீட்டர் பட்டை ஒன்றைச் செருகினால், அது ஒன்றே ஏறக்குறைய இரண்டு பட்டைகளின் வேலையைச் செய்யும். பழைய லாரியிலிருந்து கழித்த பட்டையை வாங்கி வெட்டிப் பொருத்துவோர் இதனைக் கவனிப்பதில்லை.

இவ்வாறு விறைத்த வண்டி பாரம் ஏற்றியபின்னும் பின்புறம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும். "வண்டி தாங்குகிறது" என்று உடையவர் மகிழ்வார். உண்மையில் தாங்குவது பட்டை மாத்திரமே. அச்சு, சக்கரத்தின் பேரிங், டயர், சட்டம், பிரேக் ஆகிய யாவும் முன்பிருந்த வலிமையுடனேயே இருக்கின்றன. அமெரிக்காவில் இத்தகைய துணைப் பட்டைகளும் காற்றுத் தாங்கிகளும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். எனினும் இவற்றால் வண்டியின் அனுமதி எடை கூடாது என்று அவற்றைச் செய்து விற்போரே எச்சரிக்கின்றனர்.

ஆவடியைச் சேர்ந்தவர்களுக்கு இதனை விளக்க ஓர் உதாரணம் அருகிலேயே உள்ளது. 1961-ல் அங்கு நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கிகளில், முறுக்கு விசையால் தாங்கும் எஃகுத் தண்டுகள் சக்கரங்களுக்கு அமைந்திருந்தன. பிற்காலத்து அர்ஜுன் டாங்கியில் அழுத்திய வாயுவும் எண்ணெயும் அவ்வேலையைச் செய்கின்றன. டாங்கியின் எடை, சக்கரம், பிரேக், யந்திரம் ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே தாங்கியை முடிவு செய்வார்கள். சிறிய பிக்அப் வண்டிக்கும் விதி அதுவே.

பிரேக்கில் மறைந்திருக்கும் அபாயம்

பிக்அப் வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கும் மேற்சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கம்பி செல்வதைக் காணலாம். அது பின் பிரேக்கின் வால்வோடு இணைந்தது. பாரம் ஏறி மேற்சட்டம் தாழும்போது அக்கம்பி அசைந்து, பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தை அதிகமாக விடும். வண்டி வெறுமையாக இருக்கும்போது, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும்.

பட்டை கூட்டியோ, அச்சின் மேல் கட்டை வைத்தோ பின்புறத்தை உயர்த்திவிட்டால், பாரம் ஏறியும் மேற்சட்டம் தாழ்வதில்லை. வண்டி வெறுமையாக இருப்பதாகவே அந்த வால்வு கொள்ளும். ஆகவே, மிகையான பாரத்துடன் செல்லும்போதே பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். வண்டி நிமிர்ந்து நிற்பது கண்ணுக்கு அழகு; பூந்தமல்லி நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் பஸ் திடீரென்று நிற்கும்போது அதுவே உயிருக்கு ஆபத்து. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், பிரேக் அடக்கவேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகும் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணுக.

அன்றியும், வெறும் வண்டியாகத் திரும்பும்போது விறைத்த பட்டை மேடுபள்ளங்களில் துள்ளும், சக்கரம் சாலையை விட்டு எழும்பும், மழைநாளில் வழுக்கும். பாதி பாரம் ஏற்றிய நாட்களில் அக்குலுக்கல் முழுவதும் சரக்கின் மேல் விழும். தக்காளி நசுங்கும், கத்தரி தோலுரியும். மிச்சப்படுத்திய டீசலைச் சந்தை விலையில் இழக்க நேரும்.

யந்திரத்தின் வேகத்தைக் கூட்டுதல்

பாரம் கூடியபின் வண்டி இழுக்கவில்லை என்று அடுத்த குறை எழும். பழைய வண்டிகளில் டீசல் பம்பின் திருகைத் திருப்பி எண்ணெய் வரவைக் கூட்டுவதும், காற்று வடிகட்டியைக் கழற்றிவிடுவதும் உண்டு. கரும்புகை மிகுந்தால், போதிய காற்றின்றி எண்ணெய் வீணே எரியாமற் போகிறதென்று பொருள். வடிகட்டி இல்லாத யந்திரத்துக்குள் செல்லும் புழுதி, சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப்பின் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் எண்ணெய் அளவை மின்னணுக் கருவியே நிர்ணயிக்கிறது. அதில் கைவைத்தால் புகையைச் சுத்திகரிக்கும் பாகங்கள் கெட்டு, பெருஞ்செலவுக்கு இடமாகும்.

சட்டம் கூறுவது

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அனுமதி எடையை மீறினால் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகைப் பாரத்தை இறக்கும் செலவும் சேரும்; இறக்காமல் வண்டி நகர இயலாது. ஓட்டினவர் மாத்திரமன்றி, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் இதற்கு உட்பட்டவர். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நஷ்ட ஈடு வழக்கில் சிக்குவதற்கும் இம்மாற்றமே காரணமாகலாம்.

செய்யத்தக்கவை

1. பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழிக்கவேண்டும். உதாரணமாக, மொத்த எடை 2,900 கிலோ, வெற்று எடை 1,600 கிலோ என்றால் மீதி 1,300. ஓட்டுநர், உடனாள் இருவருக்கு 140 கிலோவும், பின்னர்ப் பொருத்திய கூண்டின் எடையும் அதில் கழியவேண்டும். எஞ்சியதே சரக்கு.

2. ஒருமுறையேனும் வழக்கமான பாரத்துடன் எடைமேடைக்குச் சென்று, முழு வண்டியையும், பின்பு முன் சக்கரங்களை மாத்திரமும் நிறுத்துப் பார்க்கவேண்டும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலெழுவதை மாட்டு வண்டி ஓட்டியவர் அறிவர். பிக்அப் வண்டியிலும் கனமான மூட்டைகளைக் கடைசிப் பலகையருகே வைத்தால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிக்கு அடங்காது. விளக்கொளி எதிரே வருவோர் கண்ணில் பாயும். கனமான சரக்கை அடியிலும், பின் அச்சுக்குச் சற்று முன்னும் வைப்பது நலம்.

3. பின்புறம் தாழ்ந்துவிட்ட பழைய வண்டிக்குப் புதுப் பட்டை கூட்டத் தேவையில்லை. தளர்ந்த அடுக்கைக் கழற்றி அதே அளவுள்ள புது அடுக்கைப் பொருத்தினால் பழைய நிலை திரும்பும். தேய்ந்த புஷ்களையும், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்களையும் உடனே மாற்றவேண்டும். யூ போல்ட்டுகளைச் சில நாட்கள் ஓடியபின் மறுபடி முறுக்கவேண்டும்.

4. உடைந்த பட்டையை வெல்டிங் செய்தல் கூடாது. அரிவாளை நெருப்பிலிட்டால் அதன் பதம் போவதுபோல், பட்டையின் எஃகும் அச்சூட்டில் பதம் இழந்து, அவ்விடத்தருகிலேயே மறுபடி முறியும்.

5. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள பார எண்ணைப் பார்க்கவேண்டும். 100 என்னும் எண், குறித்த அளவு காற்றுடன் அந்த டயர் 800 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். காற்றைக் குளிர்ந்த டயரில், பாரம் ஏற்றுமுன் சோதிப்பதே முறை.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் அறுவடைக் காலத்துக்கு முன் தங்கள் ஊர் வண்டிகளை ஒருநாள் எடைமேடைக்கு வரச் செய்து, ஒவ்வொரு வண்டியும் ஏற்றக்கூடிய மூட்டைகளின் எண்ணிக்கையைக் கதவின் உட்புறத்தில் எழுதிவைக்கச் செய்தால் பெரும் உபகாரமாகும். மிகுதியான சரக்குக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி மற்றொரு வண்டியை வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். அவ்வாடகையைப் பங்கிட்டுப் பார்த்தால், பட்டை கூட்டிய செலவோடும், விரைவில் தேயும் டயர், பேரிங் முதலியவற்றின் விலையோடும் ஒப்பிடுகையில் அது அற்பமே என்பது விளங்கும்.