விஞ்ஞானப் படத்தில் விகடம்

யந்திர மனிதர்களும் அண்டவெளிக் கப்பல்களும் நிறைந்த பெரும் படமொன்றைக் குடும்பத்தோடு கண்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் நம்மவரிடையே ஒரு வழக்கு எழுவதுண்டு. “சிரிப்பு இல்லாதிருந்தால் உறங்கிப் போயிருப்போம்” என்பர் இளையோர். “இத்தனை கோடி கொட்டி எடுத்த படத்தில் கோமாளிக் கூத்து எதற்கு?” என்பர் மூத்தோர். மும்பை மின்ரயிலிலும் தில்லிப் பேருந்திலும் இவ்வழக்கை நாமும் பன்முறை கேட்டிருக்கிறோம். இரு தரப்பிலும் நின்று வாதாடியும் இருக்கிறோம்.

விகடம் இவ்வகைப் படத்துக்குப் புறம்பானதன்று. கண்டறியாத உலகை நம்பச் சொல்லும் கதைக்கு, அவ்வுலகில் நம்மைப்போல் தடுக்கி விழுபவன் ஒருவன் வேண்டும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை அதுதான். 1977-ல் ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுத்தபோது, ஓயாது சச்சரவிடும் இரு யந்திரங்களை முன்னே நடக்கவிட்டுக் கதையைத் தொடங்கினார். ஜப்பானிய மேதை அகிரா குரோசாவா 1958-ல் எடுத்த ‘மறைந்த கோட்டை’ என்னும் படத்தின் இரு குடியானவர்களே அவற்றுக்கு மூலம். அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மொழிகள் அறிந்த யந்திரம் சிறு ஓசைக்கும் நடுங்குகிறது. நாம் சிரிக்கிறோம்; ஆயினும் அதன் நடுக்கத்தால் ஆபத்து மெய்யென்றும் உணர்கிறோம்.

அதே லூகாஸ் 1999-ல் தந்த படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் நீள்காதுக் கோமாளி வந்தான். போர்க்களத்தில் அவன் கால் இடறினால் எதிரிகள் தாமே வீழ்கின்றனர். இடறினாலே வெல்லலாம் என்றால் அப்போரில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? ரசிகர் சினங்கொண்டனர், அடுத்த படங்களில் அவன் பங்கு சுருங்கியது. அச்சினம் அளவு கடந்து, அப்பாத்திரத்தை நடித்த அகமது பெஸ்ட் மீதே பாய்ந்தது. அக்காலத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணியதாக அவர் 2018-ல் வெளிப்படுத்தினார். பிழை திரைக்கதையினது, வசை நடிகருக்கு. இது நியாயமன்று.

நகை எவற்றிலிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் நான்காகப் பகுத்துவைத்தார். அவற்றுள் இரண்டு நம் வழக்குக்குப் போதும். பிறரை இழித்து நகைப்பது எள்ளல். மற்றொன்று மடம். மடமாவது, கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்று உரைகாரர் விளக்குவதுண்டு. யந்திர மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் வேறு எங்கே கிடைக்கும்?

2010-ல் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த ‘எந்திர’னை எண்ணிப் பார்ப்போம். தொலைக்காட்சியைப் போடு என்று வீட்டார் சொல்ல, சிட்டி அதைத் தூக்கிக் கீழே போட்டுவிடுகிறது. ‘போடு’ என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழன் எத்தனை பொருள் வைத்திருக்கிறான் என்பதை அது அறியாது. அயல் மாநிலத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகளிற் சிலரும் இவ்விடத்தில் சற்றுத் திகைத்துப் பின்னர்தான் சிரித்தனர். அற்பமான துணுக்கு என்று இதனை ஒதுக்கலாகாது. சொன்னதைச் சொன்னபடியே செய்யும், சொல்லாததை உணராது என்னும் யந்திரத்தின் இயல்பை நாம் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறோம்.

பின்னர் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பற்றுகிறது. சிட்டி பலரை மீட்கிறது. நீராடிக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை ஆடையின்றியே வெளியே கொணர்ந்து, புகைப்படக் கருவிகள் சூழ்ந்த கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. உயிரைக் காக்கச் சொன்னார்கள், காத்தது. நாணம் என்பதை எவரும் சொல்லித்தரவில்லை. அப்பெண் வெட்கித் தெருவில் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். தொலைக்காட்சியை உடைத்த அதே மடந்தான் ஓர் உயிரையும் போக்கியது. முன்னே சிரித்திராவிட்டால் பின்னே இவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டோம். இறுதிப் பகுதியில் வேடமிட்டு ஒளிந்திருக்கும் விஞ்ஞானியைத் தேடும் சிட்டி, ஆட்டைப்போலக் கத்திப் பரிகாசம் செய்கிறதே, அதுவும் விகடந்தான். ஆனால் அங்கே சிறுவர்கள் தாயின் கையைப் பற்றிக்கொண்டனர்.

கொசுக் காட்சிக்கு நாம் பரிந்து பேச இயலாது. காதலியைக் கடித்த கொசுவைத் துரத்திப் பிடித்து மன்னிப்புக் கேட்கச் செய்வது, காதலன் வாய்வீச்சாகச் சொல்வதை யந்திரம் மெய்யாகவே செய்துவிடும் என்ற அளவில் நல்ல கற்பனையே. ஆனால் கொசுக்களே பேசத் தொடங்கிவிட்டால், பேசும் யந்திரத்தில் வியப்பு ஏது?

இனி எள்ளலுக்கு வருவோம். 2011 தீபாவளியையொட்டி அனுபவ் சின்ஹா இயக்கிய ‘ரா ஒன்’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. ஷாருக் கான் ஏற்ற பாத்திரம் சேகர் சுப்பிரமணியம் என்னும் தமிழர். கணினி விளையாட்டுகளை வடிவமைப்பவர். கெட்டவனே வலியவனாக இருக்கவேண்டும் என்று விரும்பும் மகனுக்காக, வெல்லற்கரிய பகைவனை அவர் விளையாட்டில் படைக்கிறார். அவன் விளையாட்டை விட்டு வெளியே வந்து படைத்தவரையே கொல்கிறான். அருமையான கரு.

அக்கருவைச் சுமக்கவேண்டிய மனிதரைப் படம் என்ன செய்தது? நூடுல்ஸில் தயிரை ஊற்றிக் கையால் பிசைந்து உண்ணவைத்தது. ‘அய்யோ’ என்று நீட்டி முழக்கவைத்தது. தயிர்ச்சோறு உண்பது இழிவன்று. கையால் உண்பதும் அன்று. பள்ளியில் நண்பகல் உணவுப் பாத்திரத்தைத் திறக்கும்போது பக்கத்துப் பிள்ளைகள் நகைப்பதைக் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்கு, அந்த நகைப்பே திரையரங்கில் பெருகி ஒலித்தது. நம் மனம் புண்பட்டது ஒருபுறமிருக்க, படத்துக்கு நேர்ந்த நட்டமும் உண்டு. சேகர் கொல்லப்படும்போது அவருக்காக அழும்படி படம் வேண்டுகிறது. சற்றுமுன்வரை எவரைப் பார்த்துச் சிரிக்கும்படி ஏவினார்களோ, அவருக்காக உடனே எப்படி அழுவது? நாம் இருந்த அரங்கில் ஈமச் சடங்கின்போதும் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் ‘அய்யோ’ என்று நையாண்டிக் குரல் கொடுத்தார், சிலர் சிரித்தனர்.

அதே படத்தில் ரஜினிகாந்த் சிட்டியாகவே சிறிது நேரம் வந்து போகிறார். அப்போது எழுந்த ஆரவாரத்தில், முன்னே ‘அய்யோ’ என்று குரல் கொடுத்தவரின் சீழ்க்கையும் கலந்திருந்தது.