யாருடைய மடிப்பு?

ஒரே சதுரத் தாளில் டிராகனையும் பிசாசையும் வடிக்கும் ஒரிகாமிக் கலைஞர்கள் தங்கள் பெயருக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கத்திக் கப்பலைக் கண்டுபிடித்தது யார் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. ஜப்பானியரின் காகிதக் கொக்கும் அப்படித்தான். பாட்டி அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தாள், அம்மா மகளுக்கு. ஊர்ப்பொதுக் கிணறு மாதிரி, எல்லோருக்கும் சொந்தம். ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை, ஒரு காகித விலங்கைக் காட்டி "இது நான் வடிவமைத்தது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் கேட்டவர்களுக்கு விசித்திரமாகவே இருந்திருக்கும்.

அந்த விசித்திர மனிதர் அகிரா யோஷிசாவா. 1911ல் தொச்சிகி பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே டோக்கியோ தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இளைய ஊழியர்களுக்கு வடிவியல் கற்றுத் தரும் பொறுப்பு வந்தபோது, கோணங்களை விளக்கக் காகிதம் மடித்துக் காட்டினார். பிறகு மடிப்பே வாழ்க்கை என்று வேலையை விட்டார். அதற்குக் கொடுத்த விலை பல ஆண்டு வறுமை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் சுகுதானியை வீடு வீடாக விற்றுப் பிழைத்தார்.

விடிவு ஒரு பத்திரிகை வழியாக வந்தது. கிழக்காசிய ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு பிராணிகளையும் மடித்துத் தரும்படி 'அசாஹி கிராஃப்' கேட்டது. எலி, எருது, புலி, முயல் என்று பதினொன்றைப் பார்த்து மடித்துவிடலாம். டிராகனை யார் பார்த்திருக்கிறார்கள்? 1952ல் படங்கள் வெளிவந்ததும் யோஷிசாவாவின் பெயர் ஜப்பானெங்கும் பரவியது. 1955ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் அவருடைய காகித உருவங்களைக் காட்சிக்கு வைத்தது. தடித்த தாளை லேசாக ஈரப்படுத்தி மடிக்கும் உத்தியை அவர் வளர்த்தெடுத்தார். உலர்ந்த பிறகு வளைவு அப்படியே நிற்கும். விறைப்பான காகித பொம்மை சதைப்பிடிப்புள்ள விலங்கானது இப்படித்தான்.

2005ல் தமது 94வது பிறந்தநாளன்று இறந்த யோஷிசாவா 50,000க்கும் மேற்பட்ட உருவங்களைப் படைத்ததாகக் கணக்கு. ஆனால் அவற்றில் மடிப்பு முறையை அச்சில் வெளியிட்டது சில நூறுக்கு மட்டுமே. மூலப் படைப்புகளை விற்கவும் மாட்டார். பிடிவாதம்தான். கொக்கைப்போல இதையும் ஊர்ச்சொத்தாக்கிவிடுவார்கள் என்ற பயத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பிடிவாதம் புரியும்.

புதிதாக ஒரு பிராணியை வடிவமைப்பது ஏன் இவ்வளவு கடினம்? விதிமுறை எளியது: ஒரே சதுரத் தாள், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. கொக்கு மடிப்பில் தாளின் நான்கு மூலைகளும் நான்கு நீண்ட முனைகளாகின்றன. தலை ஒன்று, வால் ஒன்று, சிறகு இரண்டு. அத்துடன் சரக்கு தீர்ந்தது. கொக்குக்குக் கால் இல்லாததன் ரகசியம் இதுவே. நாய் வேண்டுமென்றால் தலை, வால், நான்கு கால் என்று ஆறு முனைகள் தேவை. வண்டுக்கு ஆறு கால்களோடு கொம்பும் வேண்டும். சதுரத்துக்கோ மூலைகள் நான்குதான்.

மிச்ச முனைகளைத் தாளின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் எடுக்க வேண்டும். அதற்கு விலை அதிகம். மடித்த முனையைப் பிரித்துப் பார்த்தால், மூலையிலிருந்து எடுத்தது கால் வட்ட அளவு தாளைத் தின்றிருக்கும். ஓரத்து முனை அரை வட்டம். நடு முனை முழு வட்டம். கால் எவ்வளவு நீளமோ அதுவே வட்டத்தின் ஆரம். ஒரு வட்டம் இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. ஆக, சிலந்தியை வடிவமைப்பது என்பது பல அளவு வளையல்களை ஒரு சதுரப் பெட்டியில் இடம் வீணாகாமல் பரப்பும் வேலை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் தோஷியுகி மெகுரோவும் அமெரிக்காவில் ராபர்ட் லாங்கும் தனித்தனியே இந்தக் கணக்கை வந்தடைந்தார்கள். குச்சி உருவத்தை வரைந்தால் மடிப்புக் கோடுகளைப் போட்டுத் தரும் 'ட்ரீமேக்கர்' என்ற மென்பொருளையே லாங் எழுதினார். இயற்பியலாளரான அவர் பெயரில் லேசர் போன்ற துறைகளில் டஜன் கணக்கில் காப்புரிமைகள் உண்டு. 2001ல் அந்த வேலையை விட்டு முழுநேர ஒரிகாமிக்கு வந்தார்.

இவர்களுக்கு முன்பே ஜுன் மயேகாவா, கொம்பும் சிறகும் வாலும் கைவிரல்களும் கொண்ட பிசாசைத் தாளில் இறக்கியிருந்தார். 1983ல் நூலில் வெளியான அந்தப் பிசாசுதான், முதலில் கோடுகளைத் திட்டமிட்டுப் பிறகு மடிக்கலாம் என்று பலருக்குப் புரிய வைத்தது. அந்த வழியின் உச்சம், 1981ல் பிறந்த சதோஷி கமியாவின் 'ரியூஜின் 3.5'. ரியூஜின் ஜப்பானியரின் கடல் தெய்வம். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன நாகராஜன் கதைகளும் அதில் கலந்திருக்கின்றன. 3.5 என்பது, எத்தனை முறை திருத்தினார் என்று காட்டும் பதிப்பு எண். உடல் முழுக்கச் செதில், மீசை, நகம். எல்லாம் ஒரே தாளில். அதை மடிக்க முனைபவர்கள் சுமார் 2 மீட்டர் பக்கமுள்ள தாளை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்காருகிறார்கள்.

இத்தகைய படைப்புகளை ஒவ்வொரு படியாக வரைந்து விளக்கினால் நூற்றுக்கணக்கான படங்கள் ஆகும். அதனால் பலர், மடித்ததைப் பிரித்தால் தெரியும் முக்கியக் கோடுகளை மட்டும் ஒரே சதுரத்தில் வரைந்து வெளியிடுகிறார்கள். மற்றவர்கள் கற்கட்டும் என்ற தாராளம். முக்கோணங்கள் நெருக்கிப் பின்னிய கோலம் போன்ற அந்த வரைபடங்கள் பார்க்கவும் அழகு. வினையே அதில்தான்.

ஓவியர் சேரா மாரிஸ் 'ஒரிகாமி' என்ற தலைப்பில் ஓவியங்களை வரைந்தார். கோடுகளுக்கு இடையே பளிச்சென்ற வண்ணங்கள். அந்தக் கோடுகள் தங்களுடையவை, அனுமதியும் கேட்கவில்லை, பெயரும் போடவில்லை என்று 2011ல் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனார்கள் ஆறு பேர்: அமெரிக்காவின் லாங், ஜேசன் கு, ஜப்பானின் தோஷிகாசு கவாசாகி, நொபோரு மியாஜிமா, ஸ்பெயினின் மானுவேல் சிர்கோ, இத்தாலியின் நிக்கோலா பண்டோனி. வழக்கில் 24 ஓவியங்கள் குறிப்பிடப்பட்டன. மடிப்பதற்கான வரைபடத்தைத் தான் புதிய கலையாக மாற்றியதாகவும், அது நியாயமான பயன்பாடே என்றும் வாதிட்டது ஓவியர் தரப்பு.

வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. 2013ல் இரு தரப்பும் சமரசமாயின. அந்த வரிசை ஓவியங்களைக் காட்டும்போது மடிப்பு வரைபடத்தின் படைப்பாளி பெயரையும் குறிப்பிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு மடிப்பு வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது திருட்டா, கலையா என்பதை எந்த நீதிபதியும் இந்த வழக்கில் சொல்லவில்லை. ஓவியத்தின் அருகே வண்டு, தும்பி என்று மடித்தவரின் பெயர் மட்டும் சேர்ந்துகொண்டது.