வீட்டுச் சூரிய மின்சாரம்: பாட்டரித் தேர்வும் பராமரிப்பும்

மின்கம்பிகள் சென்றடைய இயலாத மலைச்சிற்றூர்களிலும் பாலைவனக் குடியிருப்புகளிலும் சூரிய ஆற்றலே விளக்கேற்றுகிறது. 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட சௌபாக்யா திட்டத்தின்கீழ் இத்தகைய வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் வரையிலான சூரியத் தகடு, பாட்டரி, ஐந்து எல்.இ.டி. விளக்குகள், ஒரு மின்விசிறி ஆகியவற்றை அளிக்க வகை செய்யப்பட்டது. ஐந்தாண்டுக் காலப் பராமரிப்பும் அதில் அடங்கியிருந்தது. அக்காலம் முடிந்தபின் பொறுப்பு யாருடையது என்பதே சிந்திக்கத்தக்கது. தகடு ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைக்கும். பாட்டரியோ சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடும். பாட்டரி ஓய்ந்தால், கூரைமீது தகடு இருந்தும் வீடு மீண்டும் இருளடையும்.

யாருக்குத் தேவை?

எல்லா வீடுகளுக்கும் பாட்டரி இன்றியமையாதது அன்று. ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், மின்வாரியக் கம்பியுடன் இணைந்த அமைப்புகளே பெரும்பாலானவை. பகலில் மிகும் மின்சாரம் கம்பிக்குச் செல்கிறது. இரவில் கம்பியிலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. எனினும், மின்தடை நேரும்போது பாட்டரியில்லாத அமைப்பும் நின்றுவிடும். கம்பியில் பணிபுரியும் ஊழியரின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. எனவே மின்தடை மிகுந்த ஊர்களிலும், கம்பியே இல்லாத ஊர்களிலும்தான் பாட்டரிக்குச் செலவிடுவது பொருந்தும்.

அளவைக் கணித்தல்

9 வாட் விளக்குகள் நான்கு ஐந்து மணி நேரமும், 30 வாட் மின்விசிறி ஒன்று எட்டு மணி நேரமும், 60 வாட் தொலைக்காட்சி இரண்டு மணி நேரமும் இயங்கினால், நாளொன்றுக்கு 540 வாட்-மணி செலவாகும். இழப்பையும் சேர்த்து 600 எனக் கொள்ளலாம். 12 வோல்ட் பாட்டரியில் இது 50 ஆம்பியர்-மணி ஆகும். ஈய அமில பாட்டரியில் பாதிக்குமேல் மின்சாரத்தை எடுப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே ஒரு நாளைக்கு 100 ஆம்பியர்-மணி வேண்டும். மேகமூட்டமான மற்றொரு நாளுக்கும் சேர்த்தால் 200 ஆம்பியர்-மணி வேண்டும். தகட்டின் ஆற்றலுக்கு மிஞ்சிய பெரிய பாட்டரியும் பயனற்றதே. அது முழு மின்னேற்றம் பெறாமலே கெட்டுவிடும். மோட்டார் வாகன பாட்டரியை இப்பணிக்குப் பயன்படுத்துவதும் தவறு. அது நொடிப்பொழுதில் மிகுந்த மின்னோட்டம் தரவே அமைக்கப்பட்டது.

விலையும் அடக்கச் செலவும்

கடையில் கேட்கும் விலை வேறு, அடக்கச் செலவு வேறு. ஈய அமில வகையில் குழல் தகடு கொண்ட டியூபுலர் பாட்டரி, பாதியளவு பயன்பாட்டில் ஏறத்தாழ 1,200 சுற்றுகள் உழைக்கிறது எனவும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி 80 விழுக்காட்டுப் பயன்பாட்டில் 3,000 சுற்றுகள் உழைக்கிறது எனவும் கொள்வோம். ஒரே கொள்ளளவில் பின்னது நான்கு மடங்கு மின்சாரத்தைத் தரும். எனவே அதன் விலை இரு மடங்காயினும், ஒரு யூனிட்டுக்கான செலவு பாதியே.

ஆயினும் ஈய அமில பாட்டரியின் மதிப்பு முற்றிலும் குறைந்துவிடவில்லை. அதன் தொடக்க முதலீடு குறைவு; பழுது பார்ப்போர் சிற்றூர்களுக்கு அருகிலேயே உள்ளனர்; ஓய்ந்தபின்னும் அதிலுள்ள ஈயத்திற்கு விலை கிடைக்கும். லித்தியம் வகையைக் கடுங்குளிரில், உறைநிலைக்குக் கீழே, மின்னேற்றினால் அது சேதமுறும். லடாக் போன்ற பகுதிகளில் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

பேணும் முறை

ஈய அமில பாட்டரியில் நீர்மட்டத்தை மாதந்தோறும் பார்த்தல் வேண்டும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ அமிலமோ கூடாது. முனைகளில் படியும் வெண்ணிறப் படிவை வெந்நீரால் துடைத்து, வாசலின் பூச வேண்டும். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கு அப்பால் பாட்டரியை வைத்தல் வேண்டும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆதலால் தகரக் கூரையின்கீழ் வைப்பது நட்டமே. இரவில் பாட்டரி ஓயும் தறுவாயில் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தைத் துண்டிக்கும். அதைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பதால் பல பாட்டரிகள் விரைவில் அழிகின்றன.

ஓய்ந்த பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குவோரிடம் விற்றல் ஆகாது. ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகள் திரும்பப் பெறப்படுவதை உறுதி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

இலவசமாகக் கிடைத்த அமைப்பாயினும், அதன் பாட்டரி ஒருநாள் பணங்கொடுத்தே மாற்றப்பட வேண்டியது. மண்ணெண்ணெய்க்கு முன்பு செலவான தொகையில் ஒரு பகுதியை மாதந்தோறும் சுய உதவிக் குழுவிலோ அஞ்சலகத்திலோ சேர்த்துவரும் குடும்பம், பாட்டரி ஓயும் நாளில் இருளுக்குத் திரும்ப வேண்டியதில்லை. பாட்டரியைப் பொருத்தும் அன்றே இச்சேமிப்பும் தொடங்கப்படல் வேண்டும்.